ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு

மாலை ஐந்துக்குச் சந்தை திறக்கும்.
நாலரைக்கே போனை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டேன்,
முழு சார்ஜ், சத்தம் உச்சத்தில்.
ரெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது வருடம், ஐந்து ஊர்.
எந்தக் கேள்வியை எந்த மாதம் கேட்கக்கூடாதென்று
அவளுக்கு மனப்பாடம்.

ஏட்டில் நான் ஏழடி.
உண்மையில் ஓர் அங்குலம் குறைவு,
ஷூவோடு அளந்த பொய், எல்லாரும் அறிந்தது.
போன பருவம் ஆட்டத்துக்குப் பதினோரு நிமிடம்,
நாலு புள்ளி, நாலு ரீபவுண்ட், மூன்று ஃபவுல்.
அந்த மூன்றைச் சும்மா நினைத்துவிடாதீர்கள்.
எங்கள் நட்சத்திரம் செய்ய வேண்டிய தப்புகளை
அவன் கணக்கில் ஏறாமல் செய்துகொடுத்தவன் நான்.
திரை போட்டு நிற்பேன்.
நாடகம் எனக்குப் பின்னால் நடக்கும்.
பந்து வளையத்தில் விழுந்ததைக்
கைதட்டலை வைத்துத்தான் அறிவேன்.

தெருப்பிள்ளைகள் எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொள்வார்களே,
ஒப்புக்குச் சப்பாணி,
அவனுக்கு ஒரு தொழிற்சங்கமும்
ஓய்வூதியமும் ஏஜென்டும் இருந்தால்
அது நான்.

ஐந்து மணி ஒரு நிமிடம்.
இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு
நாலு வருடம், நூற்றுப் பத்து மில்லியன்.
இடது கையால் லே-அப் போடத் தெரியாது அவனுக்கு.
சொன்னால் பொறாமை என்பார்கள்.
பொறாமைதான்.

ஏழரைக்கு டார்சி ஹால்வர்சன் கூப்பிட்டாள்.
"உன் பெயர் பேச்சில் இருக்கிறது" என்றாள்.
என் ஏஜென்ட் பொய் சொல்லமாட்டாள்,
உண்மையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குவாள்.
பேச்சில் இருந்து என்ன?
வாடகை வீட்டுக்காரர் எழுத்தில் கேட்கிறார்
ஜூலைக்குள் காலி செய்வேனா என்று.

மூன்றாம் நாள்
வட சீனாவில் ஒரு கிளப். வீடு, டிரைவர், இரட்டைச் சம்பளம்.
"யோசிக்கிறேன்" என்றேன்.
ஆறாம் நாள் அவர்கள் யோசிக்கவில்லை,
என்னைவிட நிஜமாகவே உயரமான ஒரு செர்பியனை எடுத்துக்கொண்டார்கள்.
ஜோவெட் இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டும்,
எந்த ஊரில் என்று தெரியாது.
பென்சில் டப்பாவில் பெயரை எழுதிவிட்டு
பள்ளிக்கான கோட்டைக் காலியாக விட்டிருக்கிறாள்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மில்வாக்கி ஏரியில் காற்று திரும்பியது.
ஜிம்மில் காலையில் தனியாக ஐந்நூறு ஃப்ரீ த்ரோ.
என்னிடம் யாருமே எதிர்பார்க்காத ஒன்றில்
நான் தேறிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள், மதியம் இரண்டு இருபது.
போர்ட்லாந்தில் பயிற்சியின்போது
ப்ரென்ட்லி ஓகுயினுக்குக் குதிகால் நரம்பு அறுந்தது.
பார்த்திருக்கிறேன், அவன் என் தோளில் கைவைத்துத் தாவுவதை.
ஒரே விமானத்தில் இரண்டு வருடம்,
எங்கள் இருவர் காலும் நடைபாதையில்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும்.
திரையில் செய்தியைப் படித்து முடிப்பதற்குள்
நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று
தன் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டது,
கோச் என் பெயரைக் கூப்பிடும்போது நான் செய்வதுபோல.

நாலு நிமிடம் கழித்து போன் அடித்தது.
டார்சி.
ரெனிட்டா துணி மடிப்பதை நிறுத்தினாள்.
மூன்றாவது மணியில் எடுத்தேன்.
நாலாவதுவரை விட்டிருந்தால்
நான் நல்லவன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள
கொஞ்சம் இடம் இருந்திருக்கும்.

ஒரு வருடம். குறைந்தபட்சச் சம்பளம்.
ஜனவரிவரை எதுவும் உறுதியில்லை.
"சரி" என்றேன்,
அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே.

இரவு ஓகுயினுக்கு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன்,
எழுதினேன், அழித்தேன்.
அவனிடமிருந்தே வந்தது முதலில்:
"லாக்கர் கதவு ஒட்டிக்கொள்ளும்.
கீழ்ப்பக்கம் ஒரு உதை விடு.
வலது காலால்."